இருண்டுபோன மூலை

நளீர் பதினான்கு வருடம் அக்குறணை டவுனில் கைத்தொலைபேசி திருத்தினார். பிரதான வீதியில் ஒரு துணிக்கடைக்கும் பேக்கரிக்கும் நடுவே, இரண்டு பேர் உள்ளே நின்றால் மூன்றாமவர் நடைபாதையில் காத்திருக்க வேண்டிய அளவு கடை. ஆனாலும் மாத்தளையிலிருந்தும் கட்டுகஸ்தோட்டையிலிருந்தும் ஆட்கள் தேடி வருவார்கள். மற்றக் கடைகளில் கைவிட்ட போன்களை அவர் நுணுக்குக்காட்டிக்கு அடியில் வைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு, தலைமயிரிலும் மெல்லிய கம்பிகளை ஒட்டி மறுபடி பேச வைப்பார். அதிகம் பேசாத மனிதர். வேலை நடக்கும்போது யாராவது கதை கொடுத்தால் தலையை மட்டும் ஆட்டுவார்.

ஆறு பெருகி டவுனுக்குள் வருவது அக்குறணைக்குப் புதிய விஷயமல்ல. இரண்டு தடவை நளீரின் கடைக்குள்ளும் வந்து போயிருந்தது. மூன்றாவது தடவை அவர் கதவைப் பூட்டிக்கொண்டு நண்பகல் லுஹர் தொழுகைக்குப் போய்த் திரும்புவதற்குள் தண்ணீர் தோளளவுக்கு ஏறிவிட்டது. நுணுக்குக்காட்டி போயிற்று, சூடாக்கும் இயந்திரம் போயிற்று, தட்டில் பெயர் எழுதி ஒட்டி வைத்திருந்த இருபத்தாறு போன்களும் போயின.

வெள்ளம் வடிந்ததும் மற்றக் கடைக்காரர்கள் சேற்றை வாரிக்கொண்டிருந்தபோது நளீர் அந்த இருபத்தாறு பேரின் வீடுகளுக்கும் போனார். ஒவ்வொருவரிடமும் போய், "ஒங்கட போன் என்ட கைல ஈக்கக்குள்ளதான் தண்ணில போச்சு" என்று சொன்னார். சிலர் ஏசினார்கள். சிலர் தேநீர் கொடுத்தார்கள். எல்லாரையும் பார்த்து முடிக்கப் பதினொரு நாள் சென்றது.

அந்தப் பட்டியலில் கடைசிப் பெயர் கலாராணி. யாழ்ப்பாணத்தவர், கட்டுகஸ்தோட்டையில் குடியிருந்தவர், பௌதிகவியல் ஆராய்ச்சியாளர். வாசலில் நின்று விஷயத்தைச் சொன்ன மனிதரை அவர் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"இதைச் சொல்லவோ பஸ் ஏறி வந்தனீங்கள்? போன் எண்டா போகட்டும். இனி என்ன செய்யப் போறியள்?"

"தெரியா மெடம். கடைய மறுபடி தொறக்க மனசில்ல."

"என்னட்டை ஒரு நுணுக்குக்காட்டி இருக்கு. உங்கட கடையில இருந்ததை விட நல்லது. ஆனா அதுக்கு முன்னால இருந்து வேலை செய்யக் கை இல்லை. நாளைக்கு ஒருக்கா வந்து பாருங்கோ."

கெலிஓயாவுக்குப் போகும் வழியில், வெள்ளைக்காரத் தோட்டத் துரை இருந்த பழைய பங்களா ஒன்றில் கலாராணியின் ஆய்வு நிலையம் இருந்தது. நளீர் பதினோராம் வகுப்போடு முடியும் சாதாரண தரம் வரைதான் படித்தவர். வருடத்துக்கு வருடம் புதுப்பிக்கும் ஒப்பந்தத்தில் தொழில்நுட்ப உதவியாளராக அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். முதல் கிழமை ஏழு நாளும் அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. இரண்டாவது கிழமை கலாராணி மேசையில் ஒரு சிறு சதுரத்தை வைத்தார். தீப்பெட்டியை விடச் சற்று அகலம், கண்ணாடி போலப் பளபளப்பு.

ஜெனீவாவுக்குப் பக்கத்தில், நிலத்துக்கு அடியில், பெரிய வளையமொன்றுக்குள் துணிக்கைகளை எதிரெதிராக ஓடவிட்டு மோதவைக்கிறார்கள். மோதிய இடத்திலிருந்து சிதறிப் பறப்பவை எந்தெந்த வழியாகப் போயின என்று தடம் காண்பதற்கு, மோதல் நடக்கும் இடத்தைச் சுற்றி இப்படிப்பட்ட சதுரங்களை ஆயிரக்கணக்கில் அடுக்குவார்கள். ஒவ்வொன்றிலும் ஆறு இலட்சம் பிக்சல்கள், அதாவது ஆறு இலட்சம் தனித்தனிப் புள்ளிகள். துணிக்கை எந்தப் புள்ளியைத் தொட்டுப் போகிறதோ அந்தப் புள்ளி மட்டும் குரல் கொடுக்கும். இப்போது மோதல்களின் எண்ணிக்கையைப் பல மடங்கு கூட்டப் போகிறார்கள். பழையவை தாக்குப்பிடிக்காது, புதியவை வேண்டும். உலகில் பல இடங்களில் ஒட்டிச் செய்து, வேறு பல இடங்களில் சோதிக்கிறார்கள். சோதிக்கும் இடங்களில் மிகச் சிறியது இந்தப் பங்களா.

"ஒருக்கா உள்ளுக்க பூட்டினா, வருசக்கணக்கா ஆராலும் திறந்து திருத்தேலாது," என்றார் கலாராணி. "அதுதான் இவ்வளவு சோதனை."

அன்று வீட்டுக்குப் போய் மனைவி பாயிஸாவிடம் இதைத்தான் முதலில் சொன்னார். "போன் பழுதானா ஆள் திரும்பி வருவாங்க. இது திரும்பி வராது. அனுப்பினா அனுப்பினதுதான்."

"அப்ப நல்லாப் பாத்து அனுப்புங்க," என்றாள் பாயிஸா.

அவர் நன்றாகத்தான் பார்த்தார். மொடியூல் என்று அங்கே சொல்லும் அந்தச் சதுரங்கள் ஒவ்வொன்றையும் முதலில் நுணுக்குக்காட்டியில் ஓரம் ஓரமாகப் பார்ப்பது அவர் வேலை. கீறல், தூசி, சாய்ந்த கம்பி எதுவும் அவர் கண்ணுக்குத் தப்பாது. அதன்பிறகு மின்சாரம் கொடுத்து ஆறு இலட்சம் புள்ளிகளையும் ஒரே அளவுக்குச் சீராக்கும் வேலை ஜெஸ்மினுடையது. ஜெஸ்மின் கலஹாவிலிருந்து வரும் ஆராய்ச்சி மாணவி. அம்மா தோட்டத்து ஆஸ்பத்திரியில் தாதி. இந்தச் சோதனைகளை வைத்துத்தான் அவள் கலாநிதிப் பட்டத்துக்கான ஆய்வை எழுதிக்கொண்டிருந்தாள். பிறகு மொடியூல் குளிர்ப்பெட்டிக்குள் போகும். பூச்சியத்துக்குக் கீழே நாற்பத்தைந்து பாகை வரை இறக்கி, மறுபடி நாற்பது பாகைக்கு ஏற்றி, இப்படிப் பத்துத் தடவை. வெளியே எடுத்து ஊடுகதிர், அதாவது எக்ஸ்றே, பாய்ச்சினால் கணினித் திரையில் சதுரம் முழுக்க ஒளிப்புள்ளிகள் நிரம்ப வேண்டும். நிரம்பினால் தேறிவிட்டது.

பெட்டிக்குள் சொட்டு ஈரமும் இருக்கக்கூடாது. அதனால் உலர்ந்த காற்றை ஒரு குழாய் வழியே விடாமல் செலுத்திக்கொண்டிருப்பார்கள். ஈரம் ஏறுகிறதா என்று காட்ட உள்ளே ஓர் ஈரமானியும் இருந்தது. வெளியே கண்டி மழை மாதக்கணக்கில் பெய்தாலும் பெட்டிக்குள் பாலைவனம்தான்.

ஒன்பது மொடியூல்கள் தேறிப் போயின. அந்தச் சமயத்தில் பெட்டிக் கதவின் றப்பர் விளிம்பு கிழிந்தது. புதியது வெளிநாட்டிலிருந்து வர ஆறு கிழமை என்றார்கள். நளீர் கட்டுகஸ்தோட்டையில் குளிர்சாதனப் பெட்டி திருத்தும் ஒருவரிடம் அதே தடிப்பில் றப்பர்ப் பட்டி வாங்கி வந்து, அளந்து வெட்டி, தானே பொருத்தினார். கலாராணிக்குச் சந்தோஷம். "நளீர் இல்லாட்டி நாங்கள் ஆறு கிழமை சும்மா இருந்திருப்பம்" என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொன்னார்.

புது றப்பரோடு இன்னும் இரண்டு மொடியூல்கள் தேறின. மூன்றாவதில்தான் ஜெஸ்மின் கூப்பிட்டாள். அண்ணன் என்ற அர்த்தத்தில் அவரை அவள் நானா என்பாள்.

"நளீர் நானா, இங்க கொஞ்சம் வந்து பாருங்களேன்."

திரையில் சதுரம் ஒளிர்ந்துகொண்டிருந்தது. வலது கீழ் மூலையில் மட்டும் நகக்கண் அளவு இருட்டு. அங்கே இருந்த சில ஆயிரம் புள்ளிகள் குரல் கொடுக்கவில்லை.

"குளிர்ல போறதுக்கு முன்னாடி நல்லாத்தான் இருந்துச்சு. படத்த நானே சேமிச்சு வச்சிருக்கேன்."

அடுத்ததும் அப்படி. அதற்கடுத்ததும். ஐந்து மொடியூல்கள் வரிசையாக அதே மூலையில் இருண்டன.

மொடியூல் என்பது இரண்டு தட்டுகள். மேல் தட்டு துணிக்கையை உணரும், கீழ்த் தட்டு கணக்கெடுக்கும். இரண்டுக்கும் நடுவே ஆறு இலட்சம் ஈய உருண்டைகள் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த உருண்டைகள் மூலையில் பிட்டுக்கொள்கின்றன என்பது கலாராணிக்குப் படத்தைப் பார்த்ததுமே தெரிந்தது. குளிரில் தட்டுகள் சுருங்கும்போது ஒட்டு பலவீனமாக இருந்தால் அப்படி நடக்கும். ஆகவே ஒட்டியவர்களின் பிழை. வியாழக்கிழமை பிற்பகல் எல்லா நிலையங்களும் கூடும் காணொளிக் கூட்டம் இருந்தது. அதற்கு முன் அனுப்புவதற்கு அவர் கடிதம் எழுதத் தொடங்கினார்.

திங்கட்கிழமை நளீர் அந்த ஐந்தையும் ஒவ்வொன்றாக மறுபடி நுணுக்குக்காட்டியில் வைத்தார். யாரும் கேட்கவில்லை, அவராகவே வைத்தார். மூன்றாவதின் ஓரத்தில் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தபோது ஒன்று தெரிந்தது. மிக மெல்லிய வெள்ளை வளையம். தண்ணீர் நின்று காய்ந்த இடத்தில் விடும் வளையம். போன்களுக்குள் அதை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறார். வாடிக்கையாளர் "தண்ணியே படல்ல" என்று சத்தியம் செய்வார், வளையம் வேறு சொல்லும்.

அவர் கதிரையைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார். பிறகு ஜெஸ்மினிடம் போனார்.

"ஜெஸ்மின், ஒட்டு பழுதுண்டா நாலு மூலையும் ஒரே மாதிரித்தானே போகோணும்? ஏன் ஒரே மூல?"

"நானும் அதத்தான் யோசிச்சேன். ஒட்டுற மெசின்ல அந்தப் பக்கம் அழுத்தம் கொறைஞ்சிருக்கலாம்னு மெடம் சொல்றாங்க."

"ஏற்கெனவே பழுதான ஒண்ட எடுத்து, பெட்டிக்குள்ள தலகீழாத் திருப்பி வைப்பம். பழுது மொடியூல்லண்டா புதுசா ஒண்டும் நடக்காது. பெட்டிலண்டா மத்த மூல போகும்."

ஜெஸ்மின் அவரை நிமிர்ந்து பார்த்தாள். இரண்டு வருடம் இதே வேலையில் இருந்தும் தனக்கு இது தோன்றவில்லையே என்று அவள் முகத்தில் ஓடியது. "வைப்போம்," என்றாள்.

பத்துச் சுற்றுக்கும் ஒன்றரை நாள் பிடித்தது. புதன்கிழமை காலை திரையில் படம் வந்தது. வலது கீழ் மூலை இருட்டு. இடது மேல் மூலையும் இருட்டு.

"பெட்டிதான்," என்றாள் ஜெஸ்மின் மெதுவாக.

அவள் கலாராணியைத் தேடிப் போனாள். கலாராணி கண்டிக்கு ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார், மதியம்தான் திரும்புவார். நளீர் தனியே பெட்டிக் கதவைத் திறந்து றப்பர் விளிம்பை விரலால் தடவிக்கொண்டே போனார். மேல் பக்கம் சரி. இடப்பக்கம் சரி. வலது கீழ் மூலையில் விரல் நின்றது.

அந்த இடம் அவருக்குத் தெரியும். பட்டியை வெட்டியபோது அங்கே இரண்டு மில்லிமீற்றர் காணாமல் போயிருந்தது. மறுபடி கட்டுகஸ்தோட்டைக்குப் போய் வேறு பட்டி வாங்க நேரமில்லை என்று, இடைவெளியைச் சிலிக்கன் பசையால் நிரப்பிவிட்டார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. இப்போது அந்தப் பசை குளிரிலும் சூட்டிலும் மாறி மாறிக் கிடந்து காய்ந்த தோலைப் போல உரிந்து நின்றது. கதவை மூடி, வெளியிலிருந்து ஒரு கடதாசித் துண்டைச் செருகிப் பார்த்தார். தடையில்லாமல் உள்ளே போயிற்று.

வெளி ஈரம் அந்த வழியாகப் போய், குளிர்ந்த மூலையில் தண்ணீராகி, இரண்டு தட்டுக்கும் நடுவே ஊறி, உறைந்து பெருத்து, உருண்டைகளைப் பிரித்திருக்கிறது. இரண்டு மில்லிமீற்றர்.

பங்களாவின் பின்படியில் போய் உட்கார்ந்தார். தூறல் விழுந்துகொண்டிருந்தது. றப்பர் தேய்ந்துவிட்டது என்று சொன்னால் போதும், யாரும் அதற்கு மேல் கேட்கமாட்டார்கள். இரண்டு மில்லிமீற்றர் கதை தெரிந்த ஆள் உலகத்தில் அவர் ஒருவர்தான். அடுத்த மாதம் ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டும் என்பதும் நினைவுக்கு வந்தது. அந்த நேரம் பார்த்து மகளுடைய பாடசாலைக் கூட்டம் பற்றிக் கேட்கப் பாயிஸா போனில் கூப்பிட்டாள். குரலிலேயே கண்டுபிடித்துவிட்டாள். எல்லாவற்றையும் சொன்னார்.

"வெள்ளத்துக்குப் பொறகு நீங்க மாசக்கணக்கா ஒழுங்காத் தூங்கல்ல," என்றாள் பாயிஸா. "அந்த வேலைக்குப் போய்த்தான் தூங்கத் தொடங்கினீங்க. இத வயித்துக்குள்ள வெச்சிக்கிட்டு வந்து மறுபடி முழிச்சிக்கிட்டுக் கெடக்க வாணாம். மெடமுக்கிட்ட செல்லிட்டு வாங்க."

மதியம் கலாராணி வந்ததும் அவருடைய அறைக்குப் போனார். ஜெஸ்மினும் அங்கே இருந்தாள். திருப்பி வைத்த சோதனையைப் பற்றி அவள் சொல்லி முடித்திருந்தாள். நளீர் உட்காரவில்லை.

"மெடம், அந்த றப்பர் நா வெட்டக்குள்ளயே ரெண்டு மில்லிமீற்றர் கொறஞ்சிட்டுது. பச வெச்சி மூடினேன். இப்ப அது விட்டுப் போய்த்து. அதாலதான் ஈரம் உள்ளுக்குப் போயீக்கி."

கலாராணி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "அண்டைக்கே ஏன் சொல்லேல்லை?"

"செல்ற அளவுக்கு ஒண்டுமில்லண்டு நெனச்சேன்."

"ஈரமானி ஒரு நாளும் ஈரம் காட்டேல்லையே?"

"ஈரமானி ஈக்கிறது காத்து வாற குழாய்க்குப் பக்கத்துல மெடம். அங்க எந்த நாளும் காய்ஞ்சுதான் ஈக்கும்."

கலாராணி எழுந்து யன்னலருகே போனார். "அதை அந்த இடத்தில வைக்கச் சொன்னது நான்," என்றார். "வேறை மூலையில வச்சிருந்தா முதல் நாளே பிடிபட்டிருக்கும்."

அவர் திரும்பி வந்து கணினியில் பாதி எழுதியிருந்த கடிதத்தை அழித்தார். ஐந்து மட்டுமல்ல என்றார். புது றப்பரோடு தேறியதாக அனுப்பிய இரண்டையும் மறுபடி பார்க்கச் சொல்லி எழுத வேண்டும். நளீருக்கு அப்போதுதான் அந்த இரண்டின் நினைவு வந்தது.

வியாழக்கிழமை கூட்டத்தில் கலாராணி எல்லாவற்றையும் சொன்னார். நளீரின் பெயரைச் சொல்லவில்லை. எங்கள் நிலையத்தின் பிழை என்றார். திரையில் இருந்த ஒருங்கிணைப்பாளர், நரைத்த முடியுடைய ஒரு பெண், ஈரமானி எங்கே இருந்தது, எத்தனை சுற்று, எந்தத் திகதியிலிருந்து என்று மூன்றே கேள்வி கேட்டுக் குறித்துக்கொண்டார். ஒரு கிழமைக்குப் பிறகு முடிவு வந்தது. நிலையத்தின் தகுதி நிறுத்தி வைக்கப்படுகிறது. மிச்சமிருந்த மொடியூல்கள் வேறொரு நாட்டுக்குப் போகும். பெட்டியைச் சரிசெய்து நிரூபித்தால் பிறகு பார்க்கலாம். அனுப்பிய இரண்டில் ஒன்றின் மூலை தளர்ந்துதான் இருந்தது என்ற செய்தியும் அதோடு வந்தது.

நல்லவேளையாக அதை இன்னும் எங்கும் பொருத்தியிருக்கவில்லை.

கலாராணி ஒப்பந்தத்தைப் புதுப்பித்தார். கையெழுத்துப் போட்ட தாளை நளீரின் மேசையில் வைத்துவிட்டுப் போனார். ஆனால் ஜெஸ்மின் மாறிவிட்டாள். அவளுடைய ஆய்வுக்கு நாற்பது மொடியூல்களின் தரவு தேவை. இப்போது கையில் ஒழுங்காக இருப்பவை பத்து. அந்த வருடம் முடிக்கவிருந்த பட்டம் எப்போது முடியும் என்று தெரியவில்லை. வீட்டில் கல்யாணப் பேச்சை அதைச் சொல்லித்தான் தள்ளிப்போட்டிருந்தாள்.

"நீங்க கொறையா வெட்டுனதுக்குக் கோவமில்ல நானா," என்றாள் ஒரு நாள், முகத்தைப் பார்க்காமல். "யாருக்கும் நடக்கும். ஆனா என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல? நான் பதிவுல எழுதி வச்சிருப்பேன். மொத மொடியூல்லயே எடுத்துப் பாத்திருப்போம். நாலு மொடியூல் தப்பியிருக்கும்."

அதன்பிறகு வேலைக்குத் தேவையான வார்த்தைகள் மட்டுமே இருவருக்கும் நடுவே நடந்தன.

அசல் றப்பர் விளிம்பு வந்து சேர்ந்தது. நளீர் நான்கு மூலைக்கும் நான்கு ஈரமானி பொருத்தினார். எந்த ஒன்று ஏறினாலும் பெட்டி தானாகக் குளிர்விப்பதை நிறுத்தும்படி இணைப்புச் செய்தார். அதோடு ஒரு கொப்பி வாங்கி, தன் கை பட்டதையெல்லாம் எழுதத் தொடங்கினார். ஆங்கிலம் எழுத வராது. தமிழில், பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் எழுத்தில் எழுதினார். வெளிநாட்டுக்கு அனுப்பும் அறிக்கையில் அதைச் சேர்க்க வேண்டும் என்றார் கலாராணி. அதனால் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜெஸ்மின் அந்தக் கொப்பியை வாங்கி ஆங்கிலத்தில் மாற்ற வேண்டியிருந்தது.

முதல் சில கிழமை அவள் முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டே அதைச் செய்தாள். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடித்துத் திரும்பிய நளீர் வாசலிலேயே நின்றுவிட்டார். உள்ளே அவள் தனியே சிரித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன சங்கதி?"

அவள் கொப்பியிலிருந்து வாசித்தாள். "'கதவின் திருகாணியை அரைச் சுற்று இறுக்கினேன். தேவையில்லை என்று தெரியும். மனம் கேட்கவில்லை.' இத நான் இங்கிலீஷ்ல எப்படி எழுதுறது நானா?"

"அப்பிடியே எழுதுங்க."

அவள் அப்படியே எழுதினாள். பிறகு தன் ஆய்வில் புதிதாக ஓர் அத்தியாயம் சேர்க்கப் போவதாகச் சொன்னாள். ஈரம் எப்படி மூலையைப் பிரிக்கிறது என்பதைப் பற்றி. அதற்கு அந்த வெள்ளை வளையங்களின் படங்கள் வேண்டும், எடுத்துத் தருவீர்களா என்று கேட்டாள். நளீர் அந்த ஐந்தையும் மறுபடி அலுமாரியிலிருந்து எடுத்தார். வெளிச்சத்தைச் சாய்த்துச் சாய்த்து இரண்டு நாள் படம் எடுத்தார்.

ஐந்து மாதத்துக்குப் பிறகு நிலையத்தின் தகுதி திரும்பக் கிடைத்தது. நாற்பது அல்ல, பன்னிரண்டு மொடியூல்கள் கொடுத்தார்கள். பதினொன்று தேறின. பன்னிரண்டாவதில் ஊடுகதிர்ப் படத்தின் நடுவே ஒரு கீற்று இருண்டிருந்தது.

"இது உண்மையாவே ஒட்டினவையின்ர பிழைதான்," என்றார் கலாராணி. "மூலையும் இல்லை. ஈரமும் ஏறேல்லை. எழுதிவிடுவம்."

நளீர் தலையை ஆட்டவில்லை. "மெடம், ரெண்டு நாள் தருவீங்களா?"

பெட்டியின் கதவு, குழாய், நான்கு ஈரமானிகள், மொடியூலைத் தாங்கும் தட்டு, எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்தார். கழற்றிய ஒவ்வொரு திருகாணியையும் கொப்பியில் எழுதினார். மொடியூலை நுணுக்குக்காட்டியில் வைத்து ஓரம் ஓரமாகத் தேடினார். எங்கும் வளையமில்லை. தேறிய ஒன்றை அதே இடத்தில் வைத்துச் சோதனையை மறுபடி நடத்தும்படி ஜெஸ்மினிடம் சொன்னார். அது முழுச் சதுரமாக ஒளிர்ந்தது. மூன்றாம் நாள் காலை கலாராணியின் அறை வாசலில் வந்து நின்றார்.

"எங்கட பக்கத்துல ஒண்டுமில்ல மெடம். இப்ப எழுதுங்க."